எந்தக் கிழமை பொரித்த குஞ்சு?

ஆடி வெள்ளி. எங்கள் ஊரில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற நாள். அன்றைக்கு விடிகாலை இரண்டு மணிக்கு நான் திண்ணையில் உட்கார்ந்து செத்த குஞ்சுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு. சரியாக எண்ணவில்லையோ என்று மறுபடியும் எண்ணினேன். அதே இருபத்திரண்டு. உள்ளேயிருந்து மாமியார் கேட்டார்: "இன்னாம்மா, எல்லாம் நல்லாக்கீதா?" வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று பேசாமல் இருந்தேன்.

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, கூட்டேரிப்பட்டிலிருந்து உள்ளே போகிற ஊர் எங்களுடையது. ஒரு ஏக்கர் கழனி. மானாவாரியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை போடுவோம். திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான டிஎம்வி ரகங்கள் ஊர் ஊராகப் போனது இந்த மண்ணிலிருந்துதான். மல்லாட்டைக்கு எதிரி சிவப்புக் கம்பளிப்புழு. மல்லாட்டை பிடுங்குகிறவளுக்கு எதிரி கண்ணாடிவிரியன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கொட்டகைக்குப் பின்னாலேயே ஒரு ஆட்டை அது தீண்டிவிட்டது. அதிலிருந்து மாமியார் பொழுது சாய்ந்தால் பின்பக்கம் போகமாட்டார்.

அப்போதுதான் பிள்ளை போனைக் காட்டினான். புள்ளிப்புள்ளியாக, புடவை முந்தானை மாதிரி இறக்கை. மொட்டைத் தலை, அதன்மேல் கொம்பு. கின்னிக்கோழி. "பாம்பு வந்தா ஊரையே கூட்டும்மா, புழு பூச்சியெல்லாம் தின்னுடும்" என்றான். பறவையைப் பற்றி அவன் சொன்னது எதுவும் பொய் இல்லை. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பறவை அது. புது ஆளைப் பார்த்தால் கத்தும், பாம்பைக் கண்டால் கூட்டமாகச் சூழ்ந்துகொண்டு கத்தும். இசத்நகரில் இருக்கிற மத்திய பறவை ஆராய்ச்சி நிறுவனமே கதம்பரி, சிதம்பரி, சுவேதம்பரி என்று மூன்று ரகம் உருவாக்கியிருக்கிறது. பறவையோடு எனக்கு என்ன சண்டை? இந்தப் பக்கம் குஞ்சு யாரிடமும் கிடைக்கவில்லை. மேற்கே ஒரு ஊரில் ஒருத்தர் தமிழ்நாடு முழுக்க அனுப்புகிறேன் என்று போட்டிருந்தார். போன் பண்ணினேன்.

"எத்தனை வேணுங்க்கா?"

"நாப்பது குடுங்கண்ணா. ஆணு பொண்ணு பாத்துப் போடுங்க."

"இருபது ஜோடியா போட்டுடறனுங்க. புதன்கிழமை காலைல பொரிக்குது, அன்னிக்கு ராத்திரியே பஸ்ஸுல ஏத்திருவோமுங்க. குஞ்சு மூணு நாளைக்குத் தாங்குமுங்க்கா, ஒண்ணும் ஆகாது."

குஞ்சு ஒன்று 130 ரூபாய். நாற்பதுக்கு 5,200. பார்சலுக்கு 350. மொத்தத்தையும் முன்னாலேயே ஜீபேயில் அனுப்பச் சொன்னார். மகளிர் குழுவில் எடுத்த கடனிலிருந்து அனுப்பினேன். அண்ணா என்று கூப்பிட்டேனே, அதை நினைத்தால்தான் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

இருபது ஜோடி என்றாரே, அதுதான் முதல் பொய். கின்னிக்கோழிக் குஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு இது ஆண், இது பெண் என்று யாரும் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டு மாசம் ஆகிக் குரல் வந்த பிறகுதான் தெரியும். பெட்டை இரண்டு அசையாகக் கூவும், சேவலுக்கு ஒற்றைக் கத்தல்தான். பொரித்த அன்றைக்கே ஜோடி சேர்த்துத் தருகிறேன் என்கிறவர் வாங்குகிறவளின் அறியாமையைத்தான் ஜோடி சேர்க்கிறார். இது எனக்கு அப்போது தெரியாது. அவருக்குத் தெரியும்.

புதன் ராத்திரி. விழுப்புரம் பைபாஸில் மூன்று மணிக்கு இறக்குவார்கள் என்றார்கள். நானும் பிள்ளையும் டிவிஎஸ் ஃபிப்டியில் போய் இரண்டரைக்கே நின்றுவிட்டோம். டீக்கடை விளக்கைத் தவிர வேறு வெளிச்சம் இல்லை. ஒவ்வொரு ஆம்னி பஸ்ஸுக்கும் கை காட்டினோம். டிரைவர் நம்பருக்கு ரிங் போகிறது, எடுக்கவில்லை. நாலு மணி சுமாருக்கு அந்தப் பேர் போட்ட பஸ் வந்தது. நிற்கவில்லை. பிள்ளை ரோட்டில் இறங்கிக் கத்திக்கொண்டே ஓடினான். கொஞ்ச நேரம் கழித்துப் போனை எடுத்த ஆள், "ஓவர் ஸ்பீடுல வந்துட்டேம்மா, திண்டிவனத்துல எறக்குறேன், அங்க வந்து நில்லு" என்றார்.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பஸ்ஸுக்கு அது அரைமணி நேரம். ஃபிப்டிக்கு? விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டும்போதே போன் வந்தது: "ஆளைக் காணோம், கெளம்பிட்டேன். மெட்ராஸ்ல ஆபீசுல வாங்கிக்குங்க." கூட்டேரிப்பட்டில் வண்டியை நிறுத்தினோம். எங்கள் ஊருக்குத் திரும்புகிற முனை அது. எங்கள் வீட்டு விளக்கு தெரிகிற தூரத்தில்தான் அந்தப் பஸ்ஸின் டிக்கியில் குஞ்சுகள் போயிருக்கின்றன. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் பிரேக்கில் கால் வைத்திருந்தால் போதும்.

வியாழன் முழுக்க அந்தப் பெட்டி சென்னையில் ஏதோ ஒரு பார்சல் ஆபீசில் கிடந்தது. தகரக் கூரையா, வெயிலா, மேலே என்ன மூட்டை போட்டார்களோ. பத்துத் தடவை போன் பண்ணினேன். "கோழிக்குஞ்சு சார், உயிரு சார்" என்று சொன்னேன். "எல்லாருக்கும் அவங்கவங்க பார்சல் அவசரந்தாம்மா" என்றார் ஒருத்தர். வியாழன் ராத்திரி திரும்பிப் போகிற பஸ்ஸில் ஏற்றி, ஒரு மணிக்குத் திண்டிவனத்தில் இறக்கினார்கள். இறக்கு கூலி ஐம்பது கேட்டார்கள். கொடுத்தேன்.

பெட்டிக்குக் காற்றுக்காகப் பென்சிலால் குத்தின ஓட்டைகள் இருந்தன. ஒரு பக்கத்து ஓட்டைகளின் மேலேயே பார்சல் ஆபீஸ் சீட்டை ஒட்டியிருந்தார்கள். பக்கவாட்டில் ஸ்கெட்ச் பேனாவில் என் பெயர், அதற்குக் கீழே பெரிய எழுத்தில் 'உயிருள்ள பறவை'. எழுதினவருக்கு நல்ல கையெழுத்து.

உள்ளே பழைய நியூஸ் பேப்பர் விரித்திருந்தது. வழவழப்பான பேப்பரில் குஞ்சின் கால் நிற்காது, இரண்டு பக்கமும் அகன்று போகும். அப்புறம் அது எழுந்திருக்கவே எழுந்திருக்காது. அப்படிக் கால் அகன்று கிடந்தவை நாலு. மூலையில் ஒன்றின்மேல் ஒன்றாக அமுங்கிச் செத்தவை ஒரு குவியல். உயிரோடு இருந்தவை பதினெட்டு. அந்தப் பதினெட்டிலும் ஐந்து கின்னிக்கோழியே இல்லை. கின்னிக் குஞ்சுக்குத் தலையில் கோடு கோடாக இருக்கும், கால் சிவந்திருக்கும். இந்த ஐந்துக்கும் மஞ்சள் கால், தலையில் கோடு இல்லை. முட்டைக்கோழிப் பண்ணைகளில் வேண்டாம் என்று ஒதுக்குகிற ஆண் குஞ்சுகள், சாயம் பூசித் தெருவில் பத்து ரூபாய்க்குப் பிள்ளைகளுக்கு விற்பார்களே, அந்த ஜாதி. எண்ணிக்கைக்குப் போட்டிருக்கிறார்.

காலையில் இரண்டு செத்த குஞ்சுகளைப் பையில் போட்டுக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். அங்கே இருந்த டாக்டரம்மா நல்ல மனுஷி. சலித்துக்கொள்ளாமல் அறுத்துப் பார்த்தார். அவர் காட்டிச் சொன்ன ஒரு விஷயம் அன்றையிலிருந்து என்னைத் தூங்கவிடவில்லை.

முட்டையை உடைத்து வெளியே வருவதற்குச் சற்று முன்னால், மிச்சமிருக்கிற மஞ்சள் கருவைக் குஞ்சு தொப்புள் வழியாகத் தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளுமாம். அதை வைத்துத்தான் இரண்டு மூன்று நாள் தீனி தண்ணீர் இல்லாமல் உயிர் பிடித்திருக்கும். எதற்கு அப்படி ஒரு ஏற்பாடு? அடையில் இருக்கிற முட்டைகள் எல்லாம் ஒரே நேரத்தில் பொரிவதில்லை. முதலில் வந்த குஞ்சு, கடைசித் தங்கச்சி வருகிறவரை அம்மாவின் இறக்கைக்குள்ளேயே காத்திருக்க வேண்டும். அம்மா எழுந்து இரை தேடப் போனால் மிச்ச முட்டை குளிர்ந்து போகும். அதற்காக ஒவ்வொரு குஞ்சின் வயிற்றிலும் கட்டிக் கொடுத்தனுப்பின கட்டுச்சோறு அது. கூடப் பிறந்ததுக்காகக் காத்திருக்கக் கொடுத்த சோற்றை இவர்கள் லாரி வாடகையாக, பஸ் கூலியாக மாற்றிவிட்டார்கள். "மூணு நாளைக்குத் தாங்குமுங்க்கா." தாங்குகிறது என்பதற்காகவா ஒரு உயிரைத் தாங்க வைக்கிறது?

அறுத்த இரண்டு குஞ்சின் வயிற்றிலும் அந்தக் கட்டுச்சோறு ஏறக்குறைய இல்லை. காய்ந்து, ஒரு மிளகு அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. இறக்கையில் வேறு சிறகு கிளம்பியிருந்தது. "புதன்கிழமை பொரிச்சதுன்னா சொன்னாங்க?" என்று டாக்டரம்மா கேட்டார். "நிச்சயமா சொல்ல முடியாது. ஆனா ரெண்டு நாள் குஞ்சு மாதிரி இல்ல." அவ்வளவுதான் சொன்னார். சூடும் கொன்றிருக்கலாம், பஸ்ஸும் கொன்றிருக்கலாம். ஆனால் நாற்பது சேருகிறவரைக்கும் அங்கே ஒன்று, இங்கே இரண்டு என்று சேர்த்துப் பெட்டியில் வைத்திருந்தாரோ? திங்கட்கிழமை பொரித்ததுக்குப் புதன்கிழமை என்று பேர் வைத்தாரோ?

அமெரிக்காவில் 1918-ஆம் வருஷத்திலிருந்து தபாலிலேயே கோழிக்குஞ்சு அனுப்புகிறார்களாம். சட்டப்படி, தபால்காரர் கையால். அதற்கும் ஆதாரம் இந்த மூன்று நாள் கணக்குதான். பெரிய நாடு, ஒழுங்கான ஏற்பாடு என்று நினைக்கலாம். 2025 மே மாதம் டெலவேர் என்கிற மாநிலத்தில் தபால் லாரி ஒன்றில் சுமார் 12,000 குஞ்சுகளை மூன்று நாள் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள். ஆயிரக்கணக்கில் செத்தன. அங்கேயே அந்தக் கதி. இங்கே ஒரு டிக்கி, ஒரு டிரைவர், ஒரு எடுக்காத போன்.

இனி குஞ்சு விற்றவரோடு பேசினதைச் சொல்கிறேன்.

"அண்ணா, இருபத்திரண்டு செத்துட்ச்சு."

"பெட்டி திறக்கும்போது வீடியோ எடுத்தீங்களாக்கா?"

ராத்திரி இரண்டு மணிக்குக் கையில் டார்ச்சை வைத்துக்கொண்டு சாவை எண்ணுகிறவள் வீடியோவா எடுப்பாள்?

"வீடியோ இல்லாம ஒண்ணும் பண்ண முடியாதுங்க. அதுவுமில்லாம வழியில செத்தா நாங்க பொறுப்பில்லைன்னு மெசேஜ்லயே போட்டிருக்கோமுங்க. பஸ்காரங்களைக் கேளுங்க."

பஸ்காரர்களைக் கேட்டேன். "உயிருக்கு நாங்க கேரண்டி இல்லைன்னு சீட்டுலயே அடிச்சிருக்கு பாரு" என்றார்கள். பார்த்தேன். அடித்துத்தான் இருந்தது. ஆக, அனுப்பினவர் பொறுப்பில்லை, ஏற்றினவர் பொறுப்பில்லை, நிறுத்தாதவர் பொறுப்பில்லை. மிச்சம் இருப்பது நானும் குஞ்சும்தான்.

பிளஸ் டூ படித்தவள் நான், விடவில்லை. குழுவுக்கு வந்துபோகிற ஒரு வக்கீல் பெண்ணிடம் கேட்டேன். சட்டம் இல்லாமல் இல்லையாம். விலங்குகளை ஏற்றிச் செல்வதற்கு 1978-லேயே விதிகள் போட்டிருக்கிறார்கள். 2001-இல் அதில் கோழிகளையும் சேர்த்தார்கள். குஞ்சு பொரித்தவுடன் பெட்டியில் வைத்து உடனே அனுப்ப வேண்டும், அனுப்புவதற்கு முன்னால் பெட்டியிலேயே சேர்த்துவைக்கக் கூடாது, வெயிலும் மழையும் படக்கூடாது, சீக்கிரமான வழியில் போய்ச்சேர வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. படித்துக் காட்டியபோது யாரோ என் கதையைக் கேட்டுவிட்டு எழுதின மாதிரி இருந்தது. மீறினால்? 1960-ஆம் வருஷத்துச் சட்டம். வதைபடும்படி ஒரு பிராணியை ஏற்றிச் செல்வதற்கு, முதல் குற்றம் என்றால், அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல், 50 ரூபாய்க்கு மிகாமல்.

ஐம்பது ரூபாய். ஒரு குஞ்சின் விலை 130. திண்டிவனத்தில் நான் கொடுத்த இறக்கு கூலி ஐம்பது. 1960-இல் ஐம்பது ரூபாய் பெரிய பணமாக இருந்திருக்கும், ஒத்துக்கொள்கிறேன். அதற்கப்புறம் எல்லா விலையும் ஏறியதே, இந்த உயிரின் விலை மட்டும் ஏறாமல் நின்றுபோனது எப்படி?

நுகர்வோர் கோர்ட்டு விழுப்புரத்தில் இருக்கிறது. ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம்கூட இல்லை. ஆனால் பில் வேண்டும், எதிராளியின் பெயர் முகவரி வேண்டும். என்னிடம் இருப்பது ஒரு போன் நம்பரும், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கொண்டைச் சேவல் படமும். ஒரு அலுவலகத்தில் மனு கொடுக்கப் போனபோது, வாங்கினவர் படித்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினார். அவரும் படித்தார். இரண்டு பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். "கோழிக்குஞ்சுக்காம்மா?"

ஊரில் "ஈமு மாதிரி ஏமாந்துட்டியே" என்கிறார்கள். 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமுக் கோழியில் பணம் போட்டவர்கள் லட்சக்கணக்கில் இழந்தார்கள். கூட்டமாக வந்து நின்றார்கள், பேப்பரில் வந்தது, வழக்கு வந்தது, பட்டினி கிடந்த பறவைகளுக்கு அரசாங்கமே தீனி போட வேண்டிவந்தது. அது பெரிய அடி, அதனால் பெரிய சத்தம். எனக்குப் போனது ஐயாயிரத்துச் சொச்சம். தஞ்சாவூரில் ஒருத்தருக்கு மூவாயிரம் போயிருக்கும், ஆம்பூரில் ஒருத்தருக்கு ஏழாயிரம். யாரும் யாரையும் பார்க்கப் போவதில்லை. வக்கீல் வைக்கிற செலவுக்குக் கீழே இருக்கிற தொகையாகப் பார்த்து எடுத்தால் எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் எடுக்கலாம். வெட்கப்பட்டுக்கொண்டு அவரவர் வாயை அவரவரே பொத்திக்கொள்வார்கள். நானும் ஒரு மாசம் பொத்திக்கொண்டுதான் இருந்தேன்.

என் தப்பு இல்லையா? இருக்கிறது. மிச்சக் குஞ்சுகளுக்கு நூறு வாட்ஸ் பல்பு போட்டேன். முதல் வாரம் முப்பத்தைந்து டிகிரி சூடு வேண்டும். எங்கள் ஊர் கரண்ட்டை நம்பிப் போட்டது ஒரு தப்பு. தண்ணீர்க் கிண்ணத்தில் கூழாங்கல் போடாமல் வைத்தேன், இரண்டு அதில் விழுந்து செத்தன. ஒரு சாண் தண்ணீரா அது? விரல்கடை அளவு. சாதாரணக் கோழிக்குஞ்சுத் தீவனத்தைவிட இதற்குப் புரதம் கூடுதலாக, நூற்றுக்கு இருபத்திநாலு வேண்டுமாம். அதைப் பிறகுதான் கேட்டுக்கொண்டேன். விற்றவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதிமூன்று ஏழானது.

ஆனால் பெரிய தப்பு வேறு. தனியாக வைக்க இடம் இல்லாமல் நாட்டுக்கோழிக் கொட்டகையிலேயே ஒரு ஓரமாகத் தடுத்து வைத்தேன். இரண்டாவது வாரம் என் கோழிகள் பச்சையும் வெள்ளையுமாகக் கழிய ஆரம்பித்தன. கழுத்து திருகிக்கொண்டது. வெள்ளைக்கழிச்சல். குஞ்சுகள் கொண்டுவந்ததா, தானாக வந்ததா என்று சத்தியம் பண்ண முடியாது. சனிக்கிழமை தோறும் போடுகிற தடுப்பு மருந்தை நான் இரண்டு வாரம் தள்ளிப்போட்டதும் உண்மை. பதினோரு கோழிகள் போயின. அதில் ஒரு கருப்புப் பெட்டை மாமியார் தன் அம்மா வீட்டு வம்சத்திலிருந்து கொண்டுவந்தது. நாற்பது வருஷமாக அந்த வம்சம் எங்கள் வாசலில் மேய்ந்தது. அதற்கு எந்த ஆபீசில் எவ்வளவு என்று மனு எழுதுவது? மாமியார் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. கொட்டகையைக் கூட்டிச் சுண்ணாம்பு தெளித்துவிட்டு, "ஒரு பத்து முட்டை வாங்கிக் குடுத்திருந்தியானா அந்தக் கருப்பு அடைக்கு உட்காந்திருக்கும்" என்றார்.

அதுதான் வழி என்று எனக்கும் இப்போது தெரிகிறது. கின்னி முட்டை ஓடு கெட்டி, பத்திரமாகப் பொதிந்தால் பிரயாணத்தைக் குஞ்சைவிட நன்றாகத் தாங்கும். உடைந்தாலும் போவது முட்டைதான். நாட்டுக்கோழிக்கு அடை வைத்தால், இருபத்தோராம் நாள் பொரிக்கிற பழக்கமுள்ள அது இன்னும் ஒரு வாரம் பொறுமையாக உட்கார வேண்டும், இருபத்தெட்டு நாள். நல்ல தாய்க்கோழி உட்காரும். கருப்பு உட்கார்ந்திருக்கும்.

இன்றைக்கு மிச்சம் மூன்று. நன்றாக வளர்ந்து மதில்மேல் ஏறி நின்று கத்துகின்றன. மாமியார் இப்போது பின்பக்கம் போகிறார், அவருக்குப் பயம் போய்விட்டது. அது ஒன்றுதான் நான் நினைத்தபடி நடந்தது. இரண்டு வாரமாகக் காதைக் கொடுத்துக் கேட்கிறேன், மூன்றிடமிருந்தும் ஒற்றைக் கத்தல்தான் வருகிறது. மூன்றும் சேவல். இருபது ஜோடி!

தீபாவளிக்கு முந்தின நாள் அந்த நம்பரிலிருந்து மெசேஜ் வந்தது. விளக்குப் படம், வாழ்த்து, கீழே 'கின்னிக்கோழிக் குஞ்சு தீபாவளிச் சலுகை, தமிழ்நாடு முழுவதும் டெலிவரி.' என் நம்பரை அவர் இன்னும் வாடிக்கையாளர் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை.

திட்டி எழுதினேன், அழித்தேன். பணத்தைக் கேட்டு எழுதினேன், அதையும் அழித்தேன். கடைசியில் ஒரு வரி அனுப்பினேன்: 'அண்ணா, பணம் வேணாம். அந்தக் குஞ்சு எந்தக் கிழமை பொரிச்சது? அதை மட்டும் நெஜமா சொல்லுங்க.'

படித்துவிட்டார். இரண்டு நீலக் கோடும் விழுந்துவிட்டது.